இருபத்தாறு இஞ்ச் தோள்

தையற்கடையிலிருந்து,
புதன்கிழமை, பிற்பகல்.

என் பெருமதிப்புக்கும் என் இன்றைய நிலைமைக்கும் ஒருங்கே உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் தங்கை நலம். என்னைத் திட்டுவதற்கு வேண்டிய தெம்புக்குக் குறைவில்லை. தங்கள் மருமகள், அதாவது என் மகள், நலமா என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை முதல் அவள் என்னிடம் பேசவில்லை. மெஷின் நலம். நான் நலமில்லை. அங்கே தாங்களும் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த இடத்தில் விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்து என் தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். "மாப்பிள்ளை, இவ்வளவு சத்தமில்லாம ஓடுற மெஷினை நான் பார்த்ததே இல்ல, உங்களுக்கு வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று ஐந்து வருடமாக வரும்போதெல்லாம் அதன் சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறீர்களே, அந்த ஒரு வார்த்தையை இப்போது சொல்கிறேன். வேண்டாம். பெரிய கத்தரி, சின்னக் கத்தரி, இஸ்திரிப் பெட்டி, முக்காலி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்ச் டேப்பை மட்டும் முதலில் எடுங்கள், அதைப் பார்த்தாலே எனக்கு அழுகை வருகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு வார்த்தை, ஃபுட்பால். அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னவர் தாங்கள்.

தங்கள் மருமகள் கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறாள் என்பது தெரியும். தற்காலிக வேலை என்பதும் தெரியும். இரண்டு வருடமாகத் தற்காலிகம். வருகிற திங்கட்கிழமை முதல்வர் ஒன்று நிரந்தரம் என்று கையெழுத்துப் போடுவார், இல்லையென்றால் போய்வா அம்மா என்பார். இப்படிக் கத்தி மேல் நடக்கிற நேரத்தில், கல்லூரி அணிகளுக்குப் புதுச் சட்டை வேண்டும், யாரிடம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. உடனே இவள் எழுந்து நின்று, "எங்க அப்பா தைப்பார் சார். அவர் கையில ஒரு அளவு தப்பாது" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது நான் இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு நின்றேன். தங்கள் தங்கையின் பச்சை ரவிக்கை அன்று போனதுதான். பெற்ற பிள்ளை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று அப்பாவுக்கு ஜாமீன் கொடுத்தால் யாருக்குத்தான் கையும் காலும் நிதானத்தில் இருக்கும்?

இரண்டு தாள் கொடுத்தாள். ஒன்றின் தலைப்பு: ஃபுட்பால், பெண்கள், பதினான்கு பேர். மற்றதன் தலைப்பு: ஃபுட்பால், ஆண்கள், இருபத்திரண்டு பேர். இரண்டுக்கும் ஒரே நீலத் துணி. "நான் ஒரு வாரம் முகாமுக்குப் போறேன்பா. அளவெல்லாம் தாள்ல இருக்கு. அப்படியே தைச்சிடுங்க" என்றாள். அப்படியே என்ற வார்த்தையை அவள் அழுத்திச் சொன்னதாகப் பிற்பாடுதான் ஞாபகம் வருகிறது.

நான் விஷயம் தெரியாமல் கத்தரி எடுப்பவன் இல்லை. விளையாட்டுத் துறை அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்த மனிதர் நம் குடும்பத்திலேயே இருக்கும்போது வெளியே எதற்குக் கேட்பானேன் என்று தங்களுக்குப் போன் போட்டேன். "மச்சான், ஃபுட்பாலுக்கு எந்த மாதிரி சட்டை போடுவாங்க?" என்று கேட்டேன். தாங்கள் சிரித்தீர்கள். "என்ன மாப்பிள்ளை இது கேள்வி? ஃபுட்பால்னா ஃபுட்பால்தான். பக்கத்துக்குப் பதினோரு பேரு, ஒரு பந்து, ரெண்டு கம்பம். பொண்ணுங்க ஆடினா என்ன, பசங்க ஆடினா என்ன? காத்தோட்டமா, மெல்லிசா தைங்க" என்றீர்கள். அதோடு நிற்காமல் கால் மணி நேரம் தங்கள் அலுவலகத்துப் பழைய கதை வேறு சொன்னீர்கள். அத்தனையும் கேட்டேன்.

இருந்தும் என் திருப்திக்காக, மகள் முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மைதானத்துக்குப் போய் அவளுடைய பெண்கள் இன்னொரு கல்லூரியோடு ஆடுவதைப் பார்த்தேன். மச்சான், அது ஒரு ஓயாத ஆட்டம். தொண்ணூறு நிமிடம் ஓடுகிறார்கள். நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க விடுகிறார்கள், மறுபடி ஓடுகிறார்கள். கை இருக்கிறது, ஆனால் கையால் தொட்டால் குற்றம். பந்துக்கு முன்னாலேயே போய் நிற்கிற சமர்த்துப் பெண்ணுக்குத் தண்டனை. அதை ஆஃப்சைடு என்கிறார்கள். முதலில் வந்த வாடிக்கையாளரை ஏன் முதலில் வந்தாய் என்று விரட்டுவது போல இருக்கிறது. அதைத் தீர்மானிக்க ஓரத்தில் ஒருவர் கொடியோடு ஓடிக்கொண்டே இருக்கிறார், எல்லாம் கண்ணளவு. நடுவர் பார்க்காதபோது ஒருத்தி சட்டையை இன்னொருத்தி பிடித்து இழுக்கிறாள், பார்த்ததும் அந்தக் கையைத் தூக்கித் தலைமுடியைச் சரிசெய்கிறாள். ஒரு பெண் தொடுவாரில்லாமல் விழுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு மூன்று தடவை உருண்டு, விசில் கேட்டதும் எழுந்து ஓடினாள். கடைசியில் இந்தப் பக்கமும் பூஜ்யம், அந்தப் பக்கமும் பூஜ்யம். அதற்கு இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். எனக்குப் புரியவில்லை. ஆனால் சட்டை புரிந்துவிட்டது. வேர்வை நிற்காத மெல்லிய துணி, தளர்ந்த அரைக்கை, அக்குளில் இரட்டைத் தையல்.

இன்னொன்றையும் அன்று பார்த்தேன், இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்கள் போட்டிருந்தது ஆண்கள் அணி போட்டுக் கழித்த பழைய சட்டைகளாம். அவர்களுக்கு எப்போதும் அதுதானாம். புதுச்சட்டை என்று ஒன்று இதுவரை தைத்ததே இல்லையாம். தோள்பட்டை தோளை விட்டு இறங்கி முழங்கையில் நின்றது. கதவு அகலத்துக்கு ஒரு தோள். "எந்த முட்டாள் தையல்காரன் வெட்டினானோ" என்று நாலு பேர் காதில் விழும்படியே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பெண்களின் தாளைப் பார்த்தேன். மகளே டேப் பிடித்து எடுத்த அளவு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பதினான்கையும் முடித்தேன். அடுத்தது ஆண்கள் தாள். முதல் பையன், இடுப்பு முப்பத்திரண்டு. சரி. உயரம் சரி. தோள் இருபத்தாறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், இருபத்தாறேதான். அடுத்தவன் இருபத்தைந்தரை. அதற்கடுத்தவன் இருபத்தேழு! மச்சான், முப்பத்தெட்டு வருடமாக இந்த ஊரில் எத்தனை தோள் பார்த்திருக்கிறேன். ஆண்பிள்ளைத் தோள் என்றால் பதினெட்டு, தண்டால் எடுக்கிறவன் என்றால் பத்தொன்பது. இருபத்தாறு இஞ்ச் தோள்காரன் வாசலில் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். அளவெடுத்த ஆண்கள் அணிக் கோச்சுக்கு டேப் பிடிக்கத் தெரியவில்லை, பாவம், நம்மால் நாலு பேர் முன்னால் அவர் அவமானப்பட வேண்டாம் என்று பெரிய மனது பண்ணிச் சிவப்புப் பேனாவை எடுத்து இருபத்திரண்டு தோளையும் பதினெட்டாகத் திருத்தினேன்.

தங்கள் தங்கை அப்போதே சொன்னாள். "என்னங்க, ஒருத்தருக்குத் தப்பா எழுதலாம். இருபத்திரண்டு பேருக்குமா தப்பா எழுதுவாங்க? அந்தக் கோச்சுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

"உனக்குத் தோளைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். நாலாவது தலைமுறைத் தையல்காரன் மகள் அவள், தங்களுக்கும் தெரியும். எனக்குத்தான் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. ஒரு மாதிரிச் சட்டை தைத்துப் பார்த்தேன். அத்தனை அழகாக விழுந்தது. பிறகு இருபத்திரண்டையும் வெட்டினேன்.

திங்கட்கிழமை. கல்லூரி உடைமாற்றும் அறை. முதல்வர் வந்திருந்தார், கல்லூரி மலருக்குப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரர் வந்திருந்தார், முகாமிலிருந்து திரும்பிய மகள் வந்திருந்தாள். ஆண்கள் அணியின் கோச்சும் நின்றார். மாணவர்கள் அவரைப் பீரோ என்று கூப்பிடுகிறார்கள், ஆளைப் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாது. பையன்கள் உள்ளேயிருந்து வந்தார்கள். மச்சான், ஒவ்வொருவன் தோளிலும் பிளாஸ்டிக்கில் ஒரு கவசம்! ஆமை ஓட்டை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் கட்டியது மாதிரி. கையில் இரும்புக் கம்பி வைத்த தொப்பி. இது கால்பந்தா, கலவரமா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே, அவர்களில் மிகப் பெரியவன், சுண்டெலி என்று பெயராம், ஆர்வமாக என் சட்டையைத் தலைவழியாக மாட்டிவிட்டான். இரண்டு கையும் மேலே போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. தலை வெளியே வரவில்லை. மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் சட்டைக்குள்ளிருந்து "சார், கண்ணு தெரியல சார், கண்ணு தெரியல சார்" என்கிறான். நாலு பேர் பிடித்துக் கீழே இழுக்க, அவன் தடுமாறிப் போய்ப் புகைப்படக்காரர் மேல் சாய, அக்குளில் நான் போட்ட இரட்டைத் தையல் பட்பட்டென்று தெறித்தது. இரட்டைத் தையல் மச்சான்! என் உயிரில் தெறித்தது.

மகள்தான் வந்து என் கையிலிருந்த கத்தரியை வாங்கி, கீழ் விளிம்பிலிருந்து கழுத்து வரை ஒரே வெட்டாக வெட்டி அவனை வெளியே எடுத்தாள். நான் தைத்த சட்டையை என் கத்தரியாலேயே என் மகள் வெட்டினாள். பீரோ அளவுத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இந்தச் சிவப்பு மையில எழுதினது யாரு?" என்றார்.

"எங்க அப்பா" என்றாள் மகள்.

முன்பு முதல்வரிடம் சொன்னாளே, அதே எங்க அப்பாதான். கேட்பதற்கு எத்தனை வேறாக இருந்தது என்று எழுதினால் தங்களுக்குப் புரியாது. தங்களுக்கு ஆண் பிள்ளைகள்.

நேற்றுப் பீரோ என்னை வரச் சொன்னார். கத்துவார் என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். கத்தவில்லை. வேறொரு கல்லூரியோடு பயிற்சி ஆட்டம் நடக்கிற மைதான ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு, "உக்காருங்கய்யா. ஒரு தடவை முழுசாப் பாருங்க" என்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்த்தேன். இதுவும் ஃபுட்பால். இதற்கு அமெரிக்கக் கால்பந்து என்று முன்னால் ஒரு சொல் உண்டாம், அதைத் தாளில் எழுத யாருக்கும் தோன்றவில்லை, சொல்லத் தங்களுக்கும் தோன்றவில்லை. பந்து உருண்டை இல்லை, இரண்டு முனையும் கூர், தரையில் விட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. பெயர்தான் கால்பந்து, கையில்தான் வைத்திருக்கிறார்கள். எப்போதாவது ஒருவன் வந்து ஒரு உதை உதைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவனுக்கு வேலையே அவ்வளவுதான். அந்த வேலை எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா? ஐந்து நொடி முட்டிக்கொள்கிறார்கள், அரை நிமிடம் கூடி நின்று ஆலோசனை பண்ணுகிறார்கள். மறுபடி ஐந்து நொடி. நம் வீட்டுச் சண்டையே இதைவிட நீளம். பீரோ ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறார். அங்கே தொடாமலே விழுந்து உருண்டார்கள், இங்கே ஒருவன் மேல் ஆறு பேர் விழுகிறார்கள், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுப் போகிறான். தாக்குவதற்குப் பதினோரு பேர் தனி, தடுப்பதற்குப் பதினோரு பேர் தனி. ஒரு கூட்டம் ஆடினால் மற்றது பெஞ்சில் தண்ணீர் குடிக்கிறது.

திடீரென்று ஆட்டம் நின்றது. ஓரத்திலிருந்து இரண்டு கம்பும் நடுவில் ஒரு சங்கிலியுமாக ஆட்கள் உள்ளே ஓடினார்கள். என்ன என்று கேட்டேன். "நாலு வாய்ப்புக்குள்ள பத்து கஜம் தாண்டணும். தாண்டியாச்சான்னு அளக்குறாங்க" என்றார் பீரோ. கஜம் மச்சான்! நம்முடைய கஜம்! துணி அளக்கிற கஜத்தில் ஆட்டம் ஆடுகிறார்கள். சங்கிலியை இழுத்துப் பிடித்தார்கள், இருபத்திரண்டு தடியன்களும் மூச்சை அடக்கிக் குனிந்து பார்த்தார்கள். பந்தின் மூக்கு ஒரு இஞ்ச் குறைந்தது. அவ்வளவுதான், பந்து மற்றவர்களுக்குப் போய்விட்டது.

பீரோ திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஒரு இஞ்சுக்காகப் பசங்க எலும்பை உடைச்சுக்கிறாங்க ஐயா. நீங்க எட்டு இஞ்சைப் பேனாவால எடுத்துட்டீங்க."

முப்பத்தெட்டு வருடத்தில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. அந்த ஆட்டம் முழுக்க அளவு. இந்தப் பெண்கள் ஆட்டம் முழுக்கக் கண்ணளவு. நான் அளவு எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணளவில் ஆடியிருக்கிறேன். தாங்கள் ஃபுட்பால்னா ஃபுட்பால்தான் என்றீர்கள். இல்லை. ஒன்று போல் மற்றது இல்லவே இல்லை.

இப்போது கழுத்துக்கு வந்திருப்பது வேறு. சனிக்கிழமை இரண்டு அணிக்கும் ஆட்டம். கெட்டுப்போன இருபத்திரண்டு சட்டையையும் பிரித்துத் தோளை அகலப்படுத்தலாம், ஆனால் அந்த நீலத் துணி ஒரு சாண் கூட எங்கேயும் இல்லை. ஆலைக்காரன் இனி அடுத்த மாதம் என்கிறான். நேற்றே என்னையும் மகளையும் பீரோவையும் கூப்பிட்டுப் பேசிய முதல்வர் முதலில், உள்ளே ஆடுவது பதினோரு பேர்தானே, இரண்டிரண்டு சட்டையைச் சேர்த்து ஒன்றாக்கிப் பதினொன்று தைத்தால் ஆடி முடித்தவர்கள் கழற்றிப் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாமே என்றார். பீரோ அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அதே துணியிலதானே பெண்களுக்குப் பதினாலு சட்டை தைச்சிருக்கு? அதை வெட்டிச் சேர்த்துடுங்க. பெண்கள் பழையதையே போட்டுக்கட்டும், அவங்களுக்குப் பழக்கம்தானே."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டே "சரி சார்" என்றாள். முடியாது என்று சொல்லலாம், ஆனால் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிற பேனா அவரிடம் இருக்கிறது. அப்பனுக்கு ஜாமீன் நின்ற பாவத்துக்கு அவள் வாய் கட்டிக் கிடக்கிறது.

அந்தப் பதினான்கு சட்டையும் இப்போது என் மேஜையில் இருக்கின்றன. காலர் மடிப்புக் கலையாமல், எண் வைத்து, ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் சொந்த அளவு. கோல் காக்கிற பெண்ணுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம் என்று மகள் குறித்திருந்தாள், அதைக்கூட விடாமல் தைத்திருக்கிறேன். காலையிலிருந்து ஆறு தடவை கத்தரியை எடுத்து ஆறு தடவை கீழே வைத்துவிட்டேன். தங்கள் தங்கை மூன்று தடவை எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தங்களுக்குத் தெரியும். நாளை காலை எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும். அதுதான் நான் வெட்டுகிற கடைசித் துணி. அதனால்தான் வேன் கொண்டுவரச் சொல்கிறேன். சனிக்கிழமை நான் மைதானத்துக்குப் போவதாக இல்லை. எந்த முகத்தோடு போவேன்?

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசி என்றைக்கும் உண்டு. பந்து என்று எதையும் தொடாமல் சதுரங்கத்தோடு நிறுத்திக்கொண்டால் ஆசி இன்னும் நன்றாகப் பலிக்கும். தாங்கள் நீடூழி வாழ்ந்து, யார் போனில் எது கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லும் பக்குவத்தை அடைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முப்பத்தெட்டு வருடம் அளவெடுத்து ஒரே தாளில் அளவு தப்பிய
தங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. தங்கள் வீட்டின் புதுக் கதவு எண் தெரியாமல் கடிதம் மேஜையிலேயே கிடந்துவிட்டது. நல்லவேளை. வேன் கொண்டுவர வேண்டாம். மெஷினைத் தருவதாக மேலே எழுதியது செல்லாது, சக்கரத்தை இனிமேல் தடவவும் வேண்டாம்.

நடந்தது இதுதான். நேற்றுக் காலை ஏழாவது தடவையாகக் கத்தரியை எடுத்தபோது தங்கள் தங்கை உள்ளே வந்தாள். "கதவு அகலத் தோள், எந்த முட்டாள் வெட்டினானோன்னு மைதானத்துல ஒரு சட்டையைச் சொன்னீங்களாமே. அது யாரோட பழைய சட்டை?" என்று கேட்டாள். செருப்புக்கூடப் போடாமல் கல்லூரிக்கு ஓடினேன். விளையாட்டு அறையில் ஆண்கள் கழித்த பழைய நீலச் சட்டைகள் மூன்று மூட்டை. டேப்பை வைத்தேன். தோள் இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தேழு. அந்த முட்டாள் தையல்காரனை மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, பழைய தோள்களை அப்படியே வெட்டி எடுத்துப் புது உடம்பில் வைத்துவிட்டேன். தோள் வெளிர் நீலம், உடம்பு அடர் நீலம். முதல்வர் புது டிசைன் என்று நினைத்துப் பாராட்டினார், நானும் மறுக்கவில்லை. பீரோ டேப்பை வாங்கி அவரே அளந்தார். "இஞ்ச் குறையல" என்றார். பெண்கள் சட்டையில் கத்தரி படவில்லை.

முகவரி எழுதக் கொடுத்தபோது மகள் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். ஆஃப்சைடு பற்றி எழுதியது சுத்தத் தவறாம், திருத்தச் சொன்னாள். நான் எதையும் திருத்துவதை விட்டுவிட்டேன் என்றேன். சிரித்தாள் மச்சான். திங்களுக்குப் பிறகு முதல் சிரிப்பு. பிறகு மூலையில் கிடந்த அந்த மாதிரிச் சட்டையை எடுத்து, "இதைப் போடுங்கப்பா" என்று என் தலைவழியாக மாட்டிவிட்டாள். ஒரு சுருக்கமில்லை. பதினெட்டு இஞ்ச், அளந்து தைத்தது மாதிரி. ஆண்பிள்ளைத் தோள் என்று முப்பத்தெட்டு வருடமாக நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று கண்ணாடியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "நாளைக்கு ரெண்டு மேட்சுக்கும் இதைப் போட்டுக்கிட்டு வரணும்" என்றாள். காலையில் பெண்கள், மதியம் ஆண்கள். இரண்டையும் பார்ப்பேன். கடிதத்தை இன்றே ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன், தாங்களும் வாருங்கள். மூட்டையில் பழைய துணி நிறைய மீதி இருக்கிறது, தங்களுக்கும் ஒன்று தைத்துவிடுகிறேன். கடிதம் கிடைத்ததும் தோள் அளவைப் போனில் சொல்லுங்கள். எத்தனை இஞ்ச் சொன்னாலும் சரி, அப்படியே வெட்டுவேன்.